ஆலைக் குளக்கரை உடைந்தால் காப்புறுதிப் பணம் வருமா? ‘திடீர்’ என்ற ஒரு சொல்லுக்கு நடக்கும் சண்டை

கரையோரம் எழுதியது:

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் பீடோர், தாப்பா, ஸ்லிம் ரிவர் பக்கம் செம்பனை ஆலைகளும் மீன் குளங்களும் கொய்யாத் தோட்டங்களும் ஒரே ஆற்றை நம்பி இருக்கின்றன. ஆலைக் கழிவு ஆற்றில் இறங்கினால் என்ன ஆகும் என்று எல்லாருக்கும் தெரியும். அதற்குப் பிறகு காப்புறுதி நிறுவனத்தோடு என்ன நடக்கும் என்பதுதான் பலருக்குத் தெரிவதில்லை. அதை ஒரு கற்பனை எடுத்துக்காட்டு வைத்துப் பேசுவோம்.

மணிக்கு 45 டன் செம்பனைப் பழக்குலை அரைக்கும் ஆலை. நவம்பர் மழையில் ஒரு காற்றில்லாக் குளத்தின், அதாவது ஆக்சிஜன் இல்லாமல் கழிவை மக்க விடும் குளத்தின், கரை உடைகிறது. ஏறக்குறைய 1,000 கன மீட்டர் கழிவு ஆற்றில் இறங்குகிறது. கீழே ஆற்று நீர் எடுக்கும் தீலாப்பியா, கெலி (கெளுத்தி) குளங்களில் மீன் சாகிறது. ஆலை தன் பொதுப் பொறுப்புக் காப்புறுதியில், அதாவது பிறருக்கு நேரும் சேதத்துக்கான காப்புறுதியில், கோருகிறது. நிறுவனம் மூன்று காரணம் சொல்லி மறுக்கிறது: ஒன்று, கரை பல மாதமாகக் கசிந்தது, ஆகவே இது திடீர் நிகழ்வு அல்ல. இரண்டு, ஆற்றைச் சுத்தம் செய்த செலவு ‘நஷ்டஈடு’ அல்ல. மூன்று, சுற்றுச்சூழல் துறை முன்பு கொடுத்த நோட்டீசைப் பற்றி, பாலிசியைப் புதுப்பிக்கும்போது ஆலை சொல்லவில்லை.

இந்த மூன்றில் எது நிற்கும், எது விழும்? துறை தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

தாப்பா தரகர் எழுதியது:

முதலில் பாலிசியின் கடைசிப் பக்கங்களுக்குப் போங்கள். முன்பக்கத்தில் எவ்வளவு பெரிய தொகை அச்சடித்திருந்தாலும் வழக்கு முடிவாவது பின்னால் ஒட்டியிருக்கும் இணைப்புத் தாள்களில்தான். மாசு பற்றிய இணைப்பு பெரும்பாலும் இரண்டு வகையில் ஒன்றாக இருக்கும்.

முதல் வகை முழு விலக்கு. மாசு எப்படி வந்தாலும் ஒரு காசு கிடையாது. இது இருந்தால் இந்த இழையின் பாதி உங்களுக்குத் தேவையில்லை.

இரண்டாவது வகை லண்டன் சந்தையிலிருந்து வந்த என்.எம்.ஏ. 1685 என்ற வாசகம், அல்லது அதன் சாயலில் எழுதிய ஒன்று. அதற்கு மூன்று கால்கள். முதல் பத்தி கசிவு, மாசு, அசுத்தத்தால் வரும் உடற்காயத்தையும் சொத்துச் சேதத்தையும் விலக்குகிறது. ஆனால் அது காப்புறுதிக் காலத்துக்குள் நடந்த ‘திடீர், வேண்டுமென்று செய்யாத, எதிர்பாராத’ நிகழ்வால் வந்திருந்தால் விலக்கு பொருந்தாது. இரண்டாம் பத்தி அகற்றும், துப்புரவு செய்யும் செலவை விலக்கி, அதற்கும் அதே ‘திடீர்’ விதிவிலக்கைத் தருகிறது. மூன்றாம் பத்தி அபராதம், தண்டத் தொகை, தண்டனை நோக்கிலான நஷ்டஈடு எல்லாவற்றையும் விலக்குகிறது. அதற்கு எந்த விதிவிலக்கும் இல்லை.

இந்தத் தாளை எழுத்தெழுத்தாகப் படியுங்கள். ‘திடீர்’ என்ற சொல் எதைத் தாங்குகிறது? மாசையா, மாசை உண்டாக்கிய நிகழ்வையா? என்.எம்.ஏ. 1685 வாசகத்தில் அது நிகழ்வைத் தாங்குகிறது. வேறு சில பாலிசிகளில் கழிவு வெளியேறுவதே திடீரென்று நடக்க வேண்டும் என்று இருக்கும். சில பாலிசிகள் 72 மணி நேரத்துக்குள் கண்டுபிடித்து அதற்கப்புறம் இத்தனை நாளுக்குள் தெரிவிக்க வேண்டும் என்றும் மணிக்கணக்கு வைக்கும். மூன்றுக்கும் வெவ்வேறு முடிவு.

குளக்கரை எழுதியது:

மறுப்புக் கடிதத்தின் முதல் காரணத்தை வார்த்தையால் எதிர்க்காதீர்கள். கணக்கால் எதிர்க்கலாம்.

45 டன் ஆலை நாளுக்கு 20 மணி நேரம் ஓடினால் 900 டன் குலை. ஒரு டன் குலைக்கு ஏறக்குறைய 0.65 கன மீட்டர் கழிவுநீர் என்று எடுத்தால் நாளுக்கு 585 கன மீட்டர். சுத்திகரிக்காத பச்சைக் கழிவின் பி.ஓ.டி. (கழிவு மக்கும்போது நீரிலிருந்து இழுக்கும் ஆக்சிஜன் அளவு) லிட்டருக்கு 25,000 மில்லிகிராம் அளவில் இருக்கும், சூடு 80 டிகிரிக்கு மேல், புளிப்பு பி.எச். 4 முதல் 5. இதைத்தான் குளம் குளமாக நகர்த்தி 100-க்குக் கீழே இறக்குகிறோம். 1977-ஆம் ஆண்டு செம்பனை எண்ணெய் விதிகளின்படி ஆற்றில் விடும் எல்லை அது. சில ஆலைகளுக்கு உரிமத்திலேயே 20 என்று போட்டிருப்பார்கள்.

இப்போது ஆற்றைப் பாருங்கள். விநாடிக்கு 2 கன மீட்டர் ஓடும் சின்ன ஆறு என்று வைப்போம். நாளுக்கு 1,72,800 கன மீட்டர். ஆலை ஒழுங்காக 100-இல் விட்டால் நாளுக்கு 58.5 கிலோ பி.ஓ.டி. ஆற்றில் அது லிட்டருக்கு 0.34 மில்லிகிராம் கூடுதல். மீன் அதை உணரக்கூட உணராது.

கரை அடியில் நாளுக்கு 20 கன மீட்டர் கசிந்தது, அந்தக் குளத்தின் பி.ஓ.டி. 3,000 என்று வைப்போம். 60 கிலோ. அதுவும் 0.35-தான். இப்படி ஒரு வருஷம் கசிந்தாலும் ஒரே இரவில் குளம் குளமாக மீன் மிதக்காது.

அதே குளத்திலிருந்து 1,000 கன மீட்டர் ஆறு மணி நேரத்தில் இறங்கினால்? 3,000 கிலோ பி.ஓ.டி. அந்த ஆறு மணி நேரத்தில் ஆற்றில் ஓடும் தண்ணீர் 43,200 கன மீட்டர். கலந்தால் லிட்டருக்கு ஏறக்குறைய 68 மில்லிகிராம். 28 டிகிரி தண்ணீரில் கரைந்து நிற்கக்கூடிய பிராணவாயுவே 7.8 மில்லிகிராம் சுற்றித்தான். பி.ஓ.டி. முழுவதும் உடனே ஆக்சிஜனைக் குடித்துவிடாது என்பது உண்மை. ஆனால் 68-இல் ஒரு பங்கு போதும், விடியற்காலையில் கரைந்த ஆக்சிஜன் 2-க்குக் கீழே போக.

ஆக, மீன் செத்ததே சாட்சி. ‘படிப்படியான கசிவுதான் இந்தச் சேதத்துக்குக் காரணம்’ என்று எழுதும் நிறுவனம் 0.35 மில்லிகிராமில் மீன் எப்படிச் செத்தது என்று விளக்க வேண்டும். உங்கள் ஆற்றின் உண்மையான ஓட்டத்தை நீர்ப்பாசன வடிகால் துறையிடம் வாங்கி இந்தக் கணக்கைப் போடுங்கள். கற்பனை எண் கடிதத்தில் வரக் கூடாது.

சேதக்கணக்கு எழுதியது:

குளக்கரை அண்ணன் சொன்ன கணக்கு சரி. ஆனால் நிறுவனத்தின் வாதம் அங்கே முடியாது. அடுத்த கடிதத்தில் ‘சரி, கழிவு திடீரென்று இறங்கியது. ஆனால் அது எதிர்பாராதது அல்ல’ என்று வரும். மூன்று சொற்களும் சேர்ந்து நிறைவேற வேண்டும் என்பதை மறக்க வேண்டாம்.

சேத மதிப்பீட்டாளர் முதல் நாள் வந்து கேட்பவை: குள மட்டப் பதிவேடு, கரை பார்வையிட்ட பதிவு, சகதி கடைசியாக அள்ளிய தேதி, தினசரி குலை அரைத்த டன், சுற்றுச்சூழல் துறைக்கு அனுப்பிய காலாண்டு அறிக்கைகள், குளத்தைப் பார்க்கும் தகுதிச் சான்று பெற்றவரின் பெயரும் அவர் கொடுத்த உள் மெமோக்களும். கடைசியில் சொன்னதுதான் ஆளைக் கவிழ்ப்பது. ‘மேற்குக் கரை அடியில் ஈரம், வெளிவரும் நீர் கலங்கலாக உள்ளது, உடனே கவனிக்கவும்’ என்று மார்ச் மாதம் மெமோ இருந்து, நவம்பர் வரை மண் கொட்டவில்லை என்றால், ‘எதிர்பாராத’ என்ற சொல்லை அந்த ஆலை இழந்துவிடும் அபாயம் உண்டு.

கலங்கல் என்ற சொல்லுக்கு இங்கே எடை அதிகம். தெளிந்த நீர் கசிந்தால் கரை சாதாரணமாக வியர்க்கிறது. கலங்கலாக வந்தால் உள்ளே மண்ணை அரித்துக்கொண்டு வருகிறது, குழாய் போல ஓட்டை வளர்கிறது.

குளக்கரை எழுதியது:

அதை மறுக்கவில்லை. ஆனால் கசிவை எதிர்பார்ப்பது வேறு, உடைவை எதிர்பார்ப்பது வேறு. மண் கரை எதுவாக இருந்தாலும் கொஞ்சம் கசியும். மெமோவில் தெளிந்த ஈரம் என்று எழுதி, அதற்கு என்ன செய்தார்கள் என்பதும் எழுதியிருந்தால் அது ஆலைக்குச் சாதகமான தாள். ஆகவே பார்வையிடும் பதிவில் ‘ஈரம் உண்டு’ என்று மட்டும் எழுதும் பழக்கத்தை விடுங்கள். நீர் தெளிவா கலங்கலா, ஈரப் பரப்பு எத்தனை மீட்டர், போன வாரத்தைவிடக் கூடியதா குறைந்ததா, இவ்வளவும் வேண்டும்.

இன்னொன்று, கரை எப்படி உடைந்தது என்பது உடைந்த இடத்திலேயே எழுதியிருக்கும். ஆனால் அடுத்த நாளே எக்ஸ்கவேட்டரைக் கொண்டுவந்து மூடிவிடுகிறார்கள். நிரம்பி வழிந்து உடைந்தால் கரையின் உச்சியிலிருந்து வெளிச்சரிவு அரித்துப் போயிருக்கும், புல் கீழ்நோக்கிப் படுத்திருக்கும். உள்ளரிப்பால் உடைந்தால் நடுவில் சுரங்கம் போல ஓட்டையும் அதன்மேல் உச்சி உட்கார்ந்த தடமும் தெரியும். வெளியேற்றும் குழாயை ஒட்டி உடைந்தால் குழாயைச் சுற்றி மண் இறுக்கப்படவில்லை என்று பொருள். முதல் வகைக்குக் காரணம் பெரும்பாலும் மிதக்கும் நுரைக்கட்டி அடைத்த வெளிவழிக் குழாய். அது ஒரே இரவில் அடைபடும், ‘திடீர்’ என்ற சொல்லுக்கு நன்றாகப் பொருந்தும். இரண்டாம் வகை பல வாரம் வளர்ந்தது, நிறுவனம் பிடித்துக்கொள்ளும்.

ஆகவே மூடுவதற்கு முன் உடைப்பின் இரு பக்கச் சுவரையும் அளவுகோல் வைத்துப் படமெடுங்கள். அவசரமாக மூடியே ஆக வேண்டும் என்றால் உடைப்புக்குப் பின்னால் தற்காலிகக் கரை போடுங்கள், உடைந்த வாயைத் தொடாதீர்கள்.

கரையோரம் எழுதியது:

1,000 கன மீட்டர்தான் இறங்கியது, ஆறு மணி நேரம்தான் ஆனது என்று எப்படி நிரூபிப்பது? மீட்டர் எதுவும் அந்த உடைப்பில் இல்லையே.

குளக்கரை எழுதியது:

குளமே மீட்டர். 60 மீட்டர் நீளம், 35 மீட்டர் அகலம் என்றால் 2,100 சதுர மீட்டர் பரப்பு. நுரை ஒட்டிய கறைக் கோட்டுக்கும் இப்போதைய நீர் மட்டத்துக்கும் இடைவெளி 48 சென்டிமீட்டர் இருந்தால் இறங்கியது ஏறக்குறைய 1,000 கன மீட்டர். சரிவான கரைக்குக் கொஞ்சம் திருத்தம் வேண்டும், சர்வேயர் போடுவார். கறைக் கோடு அடுத்த மழையில் போய்விடும், உடனே ஆணி அடித்துக் குறியுங்கள்.

நேரத்துக்கு மூன்று இடத்தில் தடயம் கிடைக்கும்: காவலர் சுற்றுப் பதிவு, கழிவுப் பம்பின் ஓட்ட நேரம், நீர்ப்பாசன வடிகால் துறையின் இன்ஃபோபாஞ்சிர் பக்கத்தில் உள்ள மழை, ஆற்று மட்டப் பதிவுகள். கடைசிப் பதிவை அன்றைக்கே தரவிறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

இனி நீர் மாதிரி. உடைப்புக்கு மேலே ஆற்றில் ஒரு இடம், கழிவு சேரும் வாயில் ஒரு இடம், கீழே குறைந்தது இரண்டு இடம், மீன் குளத்தின் நீர் எடுக்கும் வாயில் ஒரு இடம். மேலே எடுத்த மாதிரி இல்லாத தொகுப்புக்கு மதிப்பே இல்லை. மேலே உள்ள இன்னொருவரின் கழிவு என்று சொல்லிவிடுவார்கள். கரைந்த ஆக்சிஜனை ஆற்றிலேயே அளக்க வேண்டும், பாட்டிலில் எடுத்துப்போனால் பொய்யான எண் வரும். பி.ஓ.டி. மாதிரியை 4 டிகிரியில் ஐஸில் வைத்து 48 மணி நேரத்துக்குள் ஆய்வகம் தொடங்க வேண்டும். சி.ஓ.டி. (ரசாயன முறையில் அளக்கும் ஆக்சிஜன் தேவை) மாதிரியில் சல்பூரிக் அமிலம் விட்டு பி.எச். 2-க்குக் கீழே இறக்க வேண்டும். எண்ணெய்க்கு அகலவாய்க் கண்ணாடிப் பாட்டில், பிளாஸ்டிக்கில் எண்ணெய் சுவரில் ஒட்டிக்கொள்ளும். ஒரு பாட்டிலிலிருந்து இன்னொன்றுக்கு ஊற்றவும் கூடாது.

ஆய்வகம் சாம் (மலேசிய ஆய்வக அங்கீகாரத் திட்டம்) அங்கீகாரம் பெற்றதாக இருக்கட்டும். இன்னொரு சிக்கல் பலருக்கும் தெரியாமல் நடக்கிறது. செம்பனை விதிகளில் பி.ஓ.டி. என்பது 30 டிகிரியில் 3 நாள். மற்ற ஆலைகளுக்கான தொழிற்கழிவு விதிகளில் 20 டிகிரியில் 5 நாள். ஆலை ஒரு முறையிலும் மீன் பண்ணைக்காரர் மறு முறையிலும் ஆய்வு செய்து கொண்டுவந்தால், இரண்டு தாளையும் பக்கத்தில் வைத்துச் சண்டை போட முடியாது. விண்ணப்பத்தில் எந்த முறை என்று எழுதிக் கொடுங்கள்.

கெண்டைக்குளம் எழுதியது:

எல்லாரும் ஆலைப் பக்கமே பேசுகிறீர்கள், பாதிக்கப்பட்டவர் பக்கமும் வேண்டும். மீன் பண்ணைக்காரரின் கணக்கு ஒழுங்காக இல்லையென்றால், காப்புறுதி ஒத்துக்கொண்டாலும் தொகை பாதியாகும்.

செத்த மீனைப் புதைக்க அவசரப்படாதீர்கள், ஆனால் நாற்ற விட்டும் விடாதீர்கள். குளம் வாரியாக அள்ளி, ஈர எடையில் நிறுத்து, தராசின் எண் தெரியப் படம் எடுங்கள். எல்லாவற்றையும் எண்ண முடியாது. குளத்துக்கு 100 மீன் எடுத்து ஒவ்வொன்றின் எடையும் குறித்தால் சராசரி வரும். மொத்த எடையைச் சராசரியால் வகுத்தால் எண்ணிக்கை. செவுளோடு சில மீனை ஐஸில் வைத்து மீன்வளத் துறையிடம் கொடுங்கள். நோயால் சாகவில்லை என்று அங்கிருந்து தாள் வந்தால் பாதி வேலை முடிந்தது. உறைய வைத்த மீனில் திசு ஆய்வு சரியாக வராது, ஆகவே சீக்கிரம் போக வேண்டும். மூழ்கிய மீன் மறுநாள்தான் மேலே வரும், அதையும் தனித் தேதியிட்டு எழுதுங்கள்.

மதிப்பு எப்படிப் போடுவது? குஞ்சு வாங்கிய பில், தீவன பில், கடைசி மூன்று அறுவடையின் விற்பனைப் பில். முழு வளர்ச்சி விலையைக் கேட்டால் மதிப்பீட்டாளர் இன்னும் செலவாகாத தீவனத்தைக் கழிப்பார், அது நியாயமும்கூட. நீங்களே கழித்துக் காட்டினால் உங்கள் மற்ற எண்களையும் நம்புவார். குளத்தை வடித்துச் சுண்ணாம்பு போட்டு மறுபடி நிரப்பும் செலவையும், குளம் காலியாகக் கிடந்த வாரங்களையும் சேர்க்க மறக்காதீர்கள்.

முக்கியமாக, ஆற்றிலிருந்து நீர் எடுக்க அனுமதி இருக்கிறதா என்று எதிர்த்தரப்பு கேட்கும். தாளை முன்கூட்டியே எடுத்து வையுங்கள்.

வாய்தா எழுதியது:

அக்கா சொன்னதில் ஒரு சட்ட நுணுக்கம் இருக்கிறது. மீன் செத்தது சொத்துச் சேதம், அதோடு ஒட்டிய வருமான இழப்பும் பின்னால் வரும். ஆனால் ஆற்றில் மீன் பிடிக்க வருபவர் கடையில் சாப்பிடவில்லை, அதனால் கடைக்கு வியாபாரம் போயிற்று என்பது வெறும் பண இழப்பு. தன் சொத்து எதுவும் சேதமாகாதவருக்குப் பொதுப் பொறுப்புப் பாலிசி பொதுவாகப் பதில் சொல்லாது.

இப்போது இரண்டாம் காரணம், துப்புரவுச் செலவு. நிறுவனத்தின் மூன்று காரணங்களில் வலுவானது இது, வருத்தத்தோடுதான் சொல்கிறேன். 2006-இல் இங்கிலாந்தில் பார்ட்டோலைன் என்ற பசை தயாரிக்கும் நிறுவனத்தின் வழக்கில் இதே கேள்வி வந்தது. 2003-இல் தொழிற்சாலை எரிந்து, தீயணைப்பு நுரையும் ரசாயனமும் நீரோடைகளில் இறங்கின. சுற்றுச்சூழல் முகமை சுத்தம் செய்துவிட்டு, சட்டப்படி செலவைக் கேட்டது. பாலிசி ‘நஷ்டஈடாகச் செலுத்தச் சட்டப்படி கடமைப்பட்ட தொகை’ என்றுதான் பேசுகிறது. அரசு அமைப்புக்குச் சட்டத்தின் கீழ் திருப்பிக் கொடுக்கும் செலவு நஷ்டஈடு அல்ல, கடன் என்று நீதிமன்றம் சொன்னது. ரோயல் அண்ட் சன் அலையன்ஸ் நிறுவனம் வென்றது.

நம்மிடம் 1974-ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் தரச் சட்டத்தின் 47-வது பிரிவு இதே போன்றது. மாசை அகற்ற ஆன செலவைக் காரணமானவரிடம் சுற்றுச்சூழல் துறைத் தலைமை இயக்குநர் வசூலிக்கலாம். இங்கிலாந்துத் தீர்ப்பு நம் நீதிமன்றத்தைக் கட்டாது. ஆனால் காப்புறுதி வழக்கில் இரு தரப்பு வழக்கறிஞர்களும் முதலில் அதைத்தான் எடுத்து வைப்பார்கள்.

‘1685-இன் இரண்டாம் பத்தியில் திடீர் நிகழ்வுக்குத் துப்புரவுச் செலவு விலக்கு இல்லை என்று இருக்கிறதே’ என்று சிலர் கேட்பார்கள். விலக்கு பொருந்தாது என்றால் பாதுகாப்பு தானாக வந்துவிடாது. முதலில் பாலிசியின் முகப்பு வாக்கியத்துக்குள் அந்தச் செலவு நுழைய வேண்டும். கதவு பூட்டியிருக்கும் வீட்டில் ஜன்னல் கம்பி இல்லை என்று சொல்லிப் பயனில்லை.

ஆலைக்கு இருக்கும் ஒரு வழி இது. மீன் பண்ணையும் கொய்யாத் தோட்டமும் தங்கள் நிலத்தைச் சுத்தம் செய்த செலவைத் தொல்லை (அண்டை நிலத்தின் பயன்பாட்டைக் கெடுத்தது), கவனக்குறைவு என்ற சிவில் வழக்குகளின் அடிப்படையில் கேட்டால் அது நஷ்டஈடு. அதே சகதி, அதே எக்ஸ்கவேட்டர், ஆனால் யார் கேட்கிறார் என்பதைப் பொறுத்துத் தலைப்பு மாறுகிறது. ஆகவே துப்புரவு பில்லை ஒரே தொகையாக எழுதாதீர்கள். ஆலையின் சொந்த நிலம், ஆற்றுப் படுகை, மூன்றாம் தரப்பு நிலம் என்று மூன்றாகப் பிரித்து ஒப்பந்தக்காரரிடம் தனித்தனி பில் வாங்குங்கள். முதல் பகுதி எப்படியும் பொறுப்புக் காப்புறுதியில் வராது.

அபராதம் பற்றிக் கேள்வியே வேண்டாம். 2024 திருத்தத்துக்குப் பிறகு சுற்றுச்சூழல் தரச் சட்டத்தின் உச்ச அபராதம் 1 கோடி ரிங்கிட் வரை போகிறது. அதில் ஒரு சென்னும் காப்புறுதியில் வராது.

நீதிமன்றத்தில் ஒரு வாய்தாவில் முடியட்டும் என்று குற்றத்தை ஒப்புக்கொள்ளும் ஆலைகள் உண்டு. அந்த ஒப்புதல் பின்னால் மீன் பண்ணையின் சிவில் வழக்கில் ஆலைக்கு எதிராக வரும். பாலிசியிலோ ‘எங்கள் எழுத்து அனுமதி இல்லாமல் பொறுப்பை ஒப்புக்கொள்ளக் கூடாது’ என்ற நிபந்தனை இருக்கும். செஷன்ஸ் நீதிமன்றத் தேதி வந்த அன்றே காப்புறுதி நிறுவனத்துக்கு எழுதி, பதில் கேளுங்கள்.

தாப்பா தரகர் எழுதியது:

வாய்தா சார் சொன்ன ஓட்டைக்குத்தான் தனிச் சுற்றுச்சூழல் பொறுப்புப் பாலிசி விற்கிறார்கள். அதில் அரசு உத்தரவிட்ட துப்புரவு, சொந்த நிலத் துப்புரவு, படிப்படியான கசிவு மூன்றும் சேரும். ஆனால் வாங்கியவர்கள் இரண்டு இடத்தில் விழுகிறார்கள்.

ஒன்று, அது ‘கோரிக்கை வந்த காலம்’ அடிப்படையில் ஓடும். கசிவு எப்போது நடந்தது என்பதைவிடக் கோரிக்கை எப்போது வந்தது, எப்போது நிறுவனத்துக்குச் சொன்னீர்கள் என்பதுதான் கணக்கு. ஆண்டு முடிவோடு பாலிசி முடிகிறது என்றால், டிசம்பர் 28-இல் வந்த வழக்கறிஞர் கடிதத்தை ஜனவரி 5-இல் அனுப்பினால், பழைய பாலிசியும் போயிற்று, புதியதும் போயிற்று. கடிதம் வரும்வரை காத்திருக்காமல், கோரிக்கை வரக்கூடிய சூழ்நிலை என்று முன்கூட்டியே எழுதிவைக்கும் உரிமை பாலிசியில் இருக்கிறதா பாருங்கள்.

இரண்டு, பின்தேதி. அந்தத் தேதிக்கு முந்தின மாசுக்குப் பணமில்லை. 30 வருஷ ஆலையில் இன்று பின்தேதி போட்டு வாங்கினால், மண்ணில் இருக்கும் எல்லாமே பழசு என்று சொல்லிவிடலாம். வாங்கும் முன் மண், நிலத்தடி நீர் ஆய்வு செய்து, துளைக் கிணறுகளின் எண்களைப் பாலிசியோடு இணைத்தால், புதியது எது பழையது எது என்று பிரிக்க ஒரு கோடு கிடைக்கும்.

இன்னொரு சின்ன விஷயம்: உடைந்த கரையைத் திரும்பக் கட்டும் செலவைச் சொத்துப் பாலிசியில் கேட்க நினைப்பவர்கள், மண் கரை சொத்துப் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் கட்டடம், எந்திரம் மட்டும்தான் எழுதியிருக்கும்.

கரையோரம் எழுதியது:

மூன்றாம் காரணம்? நோட்டீசைச் சொல்லாதது.

வாய்தா எழுதியது:

2013-ஆம் ஆண்டு நிதிச் சேவைகள் சட்டத்தின் 9-வது அட்டவணையைப் பாருங்கள். வீட்டுக்காரர் வாங்கும் காப்புறுதிக்கு ஒரு விதி, வியாபாரத்துக்கு வாங்குவதற்கு வேறு விதி. ஆலை இரண்டாம் வகை. நிறுவனத்தின் முடிவைப் பாதிக்கும் என்று தனக்குத் தெரிந்ததையும், அந்தச் சூழ்நிலையில் நியாயமான ஒருவர் தெரிந்திருக்க வேண்டியதையும் ஆலை சொல்லியாக வேண்டும். கேள்வித்தாளில் கேட்கவில்லை என்பது முழுப் பதில் ஆகாது.

எல்லா நோட்டீசும் ஒரே எடை அல்ல. அட்டவணைக் கழிவுப் (ஆபத்தானது என்று சட்டம் பட்டியலிட்ட கழிவு) பீப்பாயில் லேபிள் ஒட்டவில்லை, 180 நாளைக் கடந்து வைத்திருந்தார்கள் என்ற நோட்டீஸ் குளக்கரை உடைவோடு சம்பந்தமில்லாதது என்று வாதாடலாம். அதே குளத்தின் கழிவு எல்லையை மீறியது என்ற நோட்டீஸ் வேறு. அதை மறைத்திருந்தால் ஆலைக்குக் கடினம்.

நிறுவனம் முன்பே அறிந்திருந்தால் அந்தக் காரணம் பலமிழக்கும். புதுப்பிப்புக்கு முன் அவர்களின் அபாய மேற்பார்வையாளர் ஆலைக்கு வந்தாரா, அவர் அறிக்கையில் குளம் பற்றி என்ன எழுதினார், தரகருக்கு நீங்கள் மின்னஞ்சலில் என்ன அனுப்பினீர்கள்? அந்த மின்னஞ்சல் ஒன்றே போதும் பல சமயம். ஆனால் தரகர் பொதுவாக உங்கள் ஆள், நிறுவனத்தின் ஆள் அல்ல. தரகரிடம் சொன்னது நிறுவனத்துக்குப் போனதா என்று தனியாகக் காட்ட வேண்டும்.

சேதக்கணக்கு எழுதியது:

உடைவே இல்லாமல், வருஷக்கணக்கில் டீசல் தொட்டியோ குளமோ நிலத்தடியில் கசிந்த வழக்குகளுக்கு இந்த இழையின் கணக்கு பொருந்தாது என்பதையும் சொல்லிவைக்கிறேன். அங்கே ‘திடீர்’ இல்லை. 1685 வகை பாலிசி இருந்தால் கதவு கிட்டத்தட்ட மூடியாயிற்று. அமெரிக்காவில் 1973 முதல் பொதுப் பொறுப்புப் பாலிசியில் ‘திடீர் மற்றும் தற்செயல்’ என்ற சொற்கள் இருந்தன. 1993-இல் நியூ ஜெர்சி உச்ச நீதிமன்றம் மோர்ட்டன் வழக்கில் வேண்டுமென்று செய்யாத படிப்படியான மாசுக்கும் காப்புறுதியாளர்கள் பதில் சொல்ல வேண்டும் என்றது. அந்த வாசகத்தை அனுமதிக்கக் கேட்டபோது அதிகாரிகளிடம் காப்புறுதித் துறை வேறு விதமாக விளக்கியது என்பதும் அதற்கு ஒரு காரணம். நம் பாலிசிகளுக்கு அந்த வரலாறு இல்லை. அந்தத் தீர்ப்பை நம்பி இங்கே வழக்குப் போட வேண்டாம்.

நிலத்தடிக் கசிவில் பாதிக்கப்பட்டவருக்கு ஒரு செய்தி: மறைந்திருந்த சேதத்துக்கு, காலவரம்புச் சட்டத்தின் 6ஏ பிரிவு 2019 செப்டம்பர் 1 முதல் நடப்பில் உள்ளது. வழக்கமான ஆறு ஆண்டு முடிந்த பிறகும், தெரியவந்த நாளிலிருந்து மூன்று ஆண்டு கிடைக்கும், மொத்தத்தில் 15 ஆண்டு உச்சம். அது கவனக்குறைவு வழக்குக்கு, உடற்காயத்துக்கு அல்ல.

கரையோரம் எழுதியது:

மறுப்புக் கடிதம் கையில் இருக்கிறது. இனி என்ன வரிசை?

வாய்தா எழுதியது:

முதலில் அது உண்மையில் மறுப்பா, ‘மறுக்கும் உரிமையைக் கையில் வைத்துக்கொண்டு விசாரிக்கிறோம்’ என்ற கடிதமா என்று பாருங்கள். இரண்டாவதாக இருந்தால் மீன் பண்ணை வழக்கைத் தற்காக்கும் செலவை யார் தருகிறார் என்று உடனே எழுதிக் கேளுங்கள். பல ஆலைகள் பெரிய தொகைக்காகச் சண்டை போட்டு, வழக்கறிஞர் செலவைக் கேட்கவே மறந்துவிடுகின்றன.

மறுப்பாக இருந்தால் மூன்று காரணத்துக்கும் தனித்தனிப் பதில், ஒவ்வொன்றுக்கும் இணைப்பு. சேத மதிப்பீட்டாளரின் அறிக்கையை எழுத்தில் கேளுங்கள். பாலிசியில் ‘12 மாதத்துக்குள் வழக்குப் போடாவிட்டால் உரிமை போயிற்று’ என்று இருந்தால் பயப்பட வேண்டாம். ஒப்பந்தச் சட்டம் 1950-இன் 29-வது பிரிவு சட்டம் தந்த காலத்தை ஒப்பந்தத்தால் சுருக்குவதைச் செல்லாது என்கிறது. ஆனால் நடுவர் மன்றப் பிரிவு இருந்தால் அதை ஒதுக்கிவிட்டு நேராக நீதிமன்றம் போக முடியாது, திருப்பி அனுப்புவார்கள்.

சின்ன ஆலை, சின்ன பண்ணை என்றால் நிதிச் சந்தைக் குறைதீர்ப்பாளர் சேவை இருக்கிறது. 2025 ஜனவரியில் பழைய நிதிச் சேவைக் குறைதீர்ப்பாளரும் பங்குச் சந்தைத் தகராறு மையமும் சேர்ந்து உருவானது அது. தொகை வரம்பையும், உங்கள் நிறுவனம் சிறு நடுத்தரத் தொழில் வரையறைக்குள் வருகிறதா என்பதையும் முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். நினைவிருக்கட்டும், இது போன்ற கோரிக்கையில் அங்கே காப்புறுதி வாங்கியவர்தான் முறையிட முடியும். மீன் பண்ணைக்காரர் ஆலையின் பாலிசியை வைத்து அங்கே போக முடியாது, அவர் ஆலை மீதுதான் வழக்குப் போட வேண்டும்.

கெண்டைக்குளம் எழுதியது:

அப்படியென்றால் பண்ணைக்காரர் ஆலைக்கு அனுப்பும் முதல் கடிதத்தில் ‘உங்கள் காப்புறுதி நிறுவனத்துக்கு இந்தக் கடிதத்தை உடனே அனுப்பவும்’ என்று ஒரு வரி கட்டாயம் வேண்டும், இல்லையா? ஆலை தாமதமாகச் சொல்லி அதன் பாலிசி போனால், பண்ணைக்காரருக்கும் பணம் வாங்க ஆள் இல்லாமல் போகும்.

வாய்தா எழுதியது:

ஆமாம் அக்கா. பதிவுத் தபாலில் அனுப்புங்கள். தேதி, குளம் வாரியாக எடை, எந்த மணிக்கு முதல் மீன் மிதந்தது, நீர் மாதிரி எடுத்த இடமும் நேரமும், இவ்வளவும் அந்த முதல் கடிதத்திலேயே இருக்கட்டும். ஆலையின் குள மட்டப் பதிவேட்டையும் காவலர் சுற்றுப் பதிவையும் அழிக்காமல் பாதுகாக்கச் சொல்லியும் எழுதுங்கள்.

குளக்கரை எழுதியது:

ஆலைக்காரர்கள் அந்தப் பதிவேட்டை இன்றே போய்ப் பாருங்கள். ஒரு மாதத்துக்கு ஒரே பேனா, ஒரே கையெழுத்து, எல்லா நாளும் ‘மட்டம் சரி’ என்று இருந்தால், மதிப்பீட்டாளர் அதை ஒரே நிமிடத்தில் ஒதுக்கிவிடுவார். கரையில் சென்டிமீட்டர் அளவுகோல் ஒன்று நட்டு, காலை 7 மணிக்கும் மாலை 7 மணிக்கும் எண்ணை எழுதச் சொல்லுங்கள், மழை நாளில் இரண்டு மணிக்கு ஒருமுறை.